4கே டேஷ்கேம் போட்டும் நம்பர் பிளேட் தெரியல, நடுநடுவுல வீடியோவே காணோம்: என்னென்ன பார்க்கணும்?

கேள்வி, மார்ச் 8, மாலை

கார் கண்ணாடில மாட்டி ரோட்டை ரெக்கார்ட் பண்ற டேஷ்கேம் ஒண்ணு வாங்கினேன், டப்பா மேல 4கேனு பெருசா போட்டிருந்துச்சு. ஆப்ல பார்த்தா முன்னாடி போற வண்டி நம்பரே தெரியல, ராத்திரி சுத்தமா வெள்ளை வெள்ளையா இருக்கு. போன வாரம் ஒரு பைக் உரசிட்டு போச்சு, அந்த நேரத்து ஃபைல் மட்டும் இல்ல, முன்னாடி பின்னாடி எல்லாம் இருக்கு. கேமரா டூப்ளிகேட்டா? இதவிட பெரிய ரெசல்யூஷன்ல வேற ஒண்ணு வாங்கிடலாமா?

மார்ச் 8, இரவு

வாங்காதீங்க. இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. நீங்க சொன்னதுல மூணு தனித்தனி பிரச்சனை இருக்கு. பகல்ல தெளிவில்ல, ராத்திரி பிளேட் வெளுத்துப் போகுது, ஃபைல் காணாம போகுது. மூணையும் ரெசல்யூஷன்ங்கிற ஒரே கயித்துல கட்டக் கூடாது. அதுலயும் மூணாவதுதான் முதல்ல சரி பண்ண வேண்டியது, ஏன்னா மங்கலா ஒரு வீடியோ இருந்தா எந்த வண்டி எந்தப் பக்கம் வந்துச்சுனாவது காட்டலாம், ஃபைலே இல்லன்னா காட்டறதுக்கு எதுவும் கிடையாது.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். "ஆப்ல பார்த்தேன்"னு எழுதியிருக்கீங்க. ஆப்ல லைவா வர்றது பெரும்பாலும் வைஃபை தாங்கறதுக்காக சுருக்கின படம். சில ஆப் டவுன்லோட் பண்ணும்போதும் சின்ன சைஸ் காப்பிதான் தரும், ஒரிஜினல் வேணும்னா தனியா செலக்ட் பண்ணணும். மெசேஜ் ஆப்ல அனுப்பி பார்த்தா அது இன்னும் ஒருமுறை நசுக்கும். கார்டைக் கழட்டி கார்டு ரீடர்ல போட்டு கம்ப்யூட்டர் பெரிய ஸ்க்ரீன்ல பாருங்க. அப்புறம் பேசலாம்.

மார்ச் 8, கொஞ்ச நேரம் கழிச்சு

லென்ஸ் மேல ஒட்டி வர்ற மெல்லிய பிளாஸ்டிக் பேப்பரை உரிச்சீங்களா? சிரிக்காதீங்க, எனக்குத் தெரிஞ்ச பல பேர் கேமராவுல முதல்ல கண்டுபிடிச்சது இதத்தான். கண்ணுக்கே தெரியாத மாதிரி ஒட்டியிருக்கும், ஓரத்துல நகத்தால சுரண்டிப் பாருங்க.

மார்ச் 9

கம்ப்யூட்டர்ல பார்த்தா "கொஞ்சம் பரவால்ல, ஆனா மரம் ரோடு எல்லாம் கரைஞ்ச மாதிரி இருக்கு"னு பதில் வந்திருக்கு. அந்த "கரைஞ்ச மாதிரி"தான் துப்பு. ஃபோகஸ் போனா படம் முழுக்க எப்பவுமே மங்கலா இருக்கும். வண்டி நிக்கும்போது நல்லா இருந்து ஓட ஆரம்பிச்சதும் கரையுதுன்னா அது பிட்ரேட், அதாவது ஒரு செகண்ட் வீடியோவுக்கு கேமரா எழுதி வைக்கற டேட்டாவோட அளவு.

கணக்கு சுலபம். ஒரு நிமிஷ ஃபைல் எத்தனை எம்பினு பாருங்க, அதை 8ஆல பெருக்கி 60ஆல வகுத்தா வர்றதுதான் உங்க கேமராவோட பிட்ரேட், எம்பிபிஎஸ்ல (செகண்டுக்கு இத்தனை மெகாபிட்னு). 90 எம்பி இருந்தா 12 எம்பிபிஎஸ். 1080பிக்கு (1920 பெருக்கல் 1080 பிக்சல்) 12லருந்து 16 ஓகே, தாங்கும். 4கேக்கு 12 போதவே போதாது, 30க்கு மேல இருக்கணும், நல்ல கேமராவெல்லாம் 40, 50 தொடும். பிக்சல் நாலு மடங்கு, ஆனா அதை எழுதி வைக்க இடம் அதே அளவுன்னா கேமரா என்ன பண்ணும், இலை, தார் ரோடு, பிளேட் எழுத்துனு நுணுக்கமா இருக்கறதையெல்லாம் முதல்ல தூக்கிப் போடும். எச்.265ங்கற வீடியோ சுருக்கற முறையில (கோடெக்) எழுதற கேமரான்னா கிட்டத்தட்ட பாதி பிட்ரேட்லயே அதே தரம் கிடைக்கும், அதையும் கணக்குல எடுத்துக்கோங்க. மீடியா இன்ஃபோனு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஃபைலை அதுல இழுத்துப் போட்டா கோடெக், பிட்ரேட், ஃப்ரேம் ரேட் எல்லாம் சொல்லிடும்.

மெனுவுல பிட்ரேட் அல்லது வீடியோ குவாலிட்டினு ஒரு செட்டிங் பல கேமராவுல இருக்கும், வரும்போது நார்மல்ல இருக்கும். அதை ஹைனு மாத்துங்க.

அடுத்தது சென்சார், படம் பிடிக்கற சில்லு. உண்மையான 4கேன்னா 3840 பெருக்கல் 2160, 80 லட்சத்துக்கும் மேல பிக்சல். சோனி ஐஎம்எக்ஸ்415, ஐஎம்எக்ஸ்678 இதெல்லாம் 8 மெகாபிக்சல், அதுல 4கே நிஜம். ஐஎம்எக்ஸ்335 5 மெகாபிக்சல்தான், அதை வெச்சு 4கேனு எழுதியிருந்தா சாஃப்ட்வேர்ல இழுத்துப் பெருசாக்கினது. ஐஎம்எக்ஸ்307 2 மெகாபிக்சல், 1080பிக்கான சென்சார். அதுக்காக 335 மோசம்னு இல்ல, அதை அதோட நிஜ அளவான 1440பி, 1944பில வெச்சு ஓட்டினா அருமையா இருக்கும். உங்க கேமராவுல எந்த சென்சார்னு ஸ்பெக் ஷீட்ல பாருங்க. சென்சார் பேரே போடாம 4கேனு மட்டும் போட்டிருந்தா எனக்கு நம்பிக்கை வராது.

மார்ச் 11

உங்க கேமராவுல சென்சார் 335தான்னு சொல்லிட்டீங்க. அப்போ 1440பிக்கு இறக்கி, குவாலிட்டி ஹை வெச்சு ஓட்டிப் பாருங்க. இழுத்துப் பெருசாக்கின 4கேய விட இது தெளிவா இருக்கும்.

இப்போ நம்பர் பிளேட். எல்லாருக்கும் இதுலதான் பெரிய எதிர்பார்ப்பு, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

லென்ஸ் கிடைமட்டமா 120 டிகிரி பார்க்குதுன்னு வெச்சுக்கோங்க. 1080பில 1920 பிக்சல், அதாவது ஒரு டிகிரிக்கு 16. அரை மீட்டர் அகலமுள்ள பிளேட் 10 மீட்டர் தூரத்துல இருந்தா சுமார் 3 டிகிரிதான் அடைக்கும், 46 பிக்சல் கிடைக்கும். அதுல பத்து எழுத்துன்னா எழுத்துக்கு நாலஞ்சு பிக்சல். படிக்க முடியாது. அசல் 4கேல இது இரட்டிப்பு, எழுத்துக்கு ஒன்பது, வண்டி அசையாம இருந்தா படிச்சிடலாம். 20 மீட்டர்னா 4கேயும் பழைய 1080பி நிலைமைக்கு வந்துடும். அதனால "170 டிகிரி வைடு"னு விளம்பரம் பார்த்தா சந்தோஷப்படாதீங்க, எவ்வளவு அகலமா பார்க்குதோ அவ்வளவு பிக்சல் பரவி ஒல்லியாகும்.

இது வண்டி நிக்கும்போது. ஓடும்போது ஷட்டர் வரும், அதாவது ஒரு ஃப்ரேமுக்கு கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குதுங்கறது. 60 கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு 16.7 மீட்டர். இருட்டுல கேமரா வெளிச்சம் பத்தாம 1/30 செகண்ட் திறந்து வெச்சா அதுக்குள்ள 55 சென்டிமீட்டர் போயிடும், பிளேட்டோட அகலத்தவிட அதிகம். எதிர்ல வர்ற வண்டியும் அதே வேகம்னா அதுவும் இரட்டிப்பு. பகல் வெயில்ல 1/1000 செகண்டுக்கு போகும், 2 சென்டிமீட்டர் கூட நகராது, அதான் பகல்ல தெரியுது ராத்திரி தெரியல. முன்னாடி உங்க வேகத்துலயே போற வண்டி ராத்திரியும் ஓரளவு தெரியும், ஏன்னா உங்களுக்கும் அதுக்கும் நடுவுல அசைவு கம்மி. பக்கத்துல குறுக்க போறதுதான் இருக்கறதுலயே மோசம்.

எந்தக் கேமராவும் இதைத் தாண்டாது. அதனால நான் பண்றது: ஏதாவது ஆச்சுன்னா உடனே அந்த நம்பரை வாய் விட்டு சத்தமா சொல்லிடுவேன். மைக் ஆன்ல இருக்கணும் அவ்வளவுதான். வண்டி கலர், எந்தப் பக்கம் திரும்பிச்சுங்கறதையும் சொல்லிடுங்க. கண் படிச்சதை வீடியோ படிக்கலன்னாலும் குரல்ல இருக்கும், அதே ஃபைல்ல, அதே நேரத்துல.

மார்ச் 11, இரவு

ராத்திரி வெள்ளையா தெரியறதுக்கு ஒரு சின்ன சேர்க்கை. பிளேட் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கிற மெட்டீரியல். சுத்தியும் இருட்டு, கேமரா படத்தை பிரகாசமாக்கப் பார்க்கும், உங்க ஹெட்லைட் பட்ட பிளேட் மட்டும் எரிஞ்சு வெளுத்துடும். எக்ஸ்போஷர்னு ஒரு செட்டிங் இருக்கும், ஈவினு கூட போட்டிருக்கும், அதை மைனஸ் 0.3 அல்லது மைனஸ் 0.7 வைங்க. படம் கொஞ்சம் இருட்டா இருக்கும், பரவால்ல, ரோட்டோட அழகு நமக்கு வேண்டாம். ஷட்டரும் அதோட கொஞ்சம் வேகமாகும்.

மார்ச் 14

இப்போ முக்கியமானது. ஃபைல் காணோம்.

உங்க மெசேஜ்ல "கார்டு யு3, வி30, அதனால கார்டு பிரச்சனை இல்ல"னு முடிச்சுட்டீங்க. யு3, வி30 ரெண்டும் சொல்றது வேகத்தை மட்டும்தான், குறைஞ்சபட்சம் செகண்டுக்கு 30 மெகாபைட் எழுதும்னு. உங்க கேமரா 30 எம்பிபிஎஸ்ல எழுதினாக்கூட செகண்டுக்கு 4 மெகாபைட்டே ஆகாது. வேகம் தாராளமா இருக்கு. டேஷ்கேம்ல கார்டு தோக்கறது உழைப்புல. 128 ஜிபி கார்டுல 30 எம்பிபிஎஸ் எழுதினா மணிக்கு 13.5 ஜிபி, ஒன்பதரை மணி நேரத்துல கார்டு முழுக்க ஒரு சுத்து எழுதி முடிஞ்சு பழசு மேல எழுத ஆரம்பிச்சிடும். போன்ல ஒரு கார்டு வருஷக்கணக்குல பாக்கற வேலையை இது சில வாரத்துல பார்த்துடும், அதுவும் வெயில்ல காயற கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து. பல சாதா கார்டோட வாரன்டியிலேயே தொடர் ரெக்கார்டிங்குக்கு பொருந்தாதுனு சின்ன எழுத்துல போட்டிருக்கும். இதுக்குனே எண்டூரன்ஸ்னு தனி வகை இருக்கு: சாம்சங் ப்ரோ எண்டூரன்ஸ், சான்டிஸ்க் ஹை எண்டூரன்ஸ், மேக்ஸ் எண்டூரன்ஸ். இத்தனை ஆயிரம் மணி நேரம் எழுதலாம்னு கம்பெனியே கணக்கு சொல்லும்.

கார்டு சாகும்போது ஒரேயடியா சாகாது, அதான் ஆபத்து. கேமராவுல சிவப்பு விளக்கு மின்னும், ரெக்கார்டிங் ஓடற மாதிரியே இருக்கும், ஆனா சில ஃபைல் 0 பைட், சிலது பாதியில நிக்கும், சில கார்டு உள்ளுக்குள்ள ரீட்-ஒன்லியா மாறிடும், அப்புறம் நீங்க ஃபார்மட் பண்ணாலும் பழைய வீடியோவே திரும்ப வந்து நிக்கும். இந்தக் கடைசில சொன்னது நடந்தா கார்டை சரி பண்ண முடியாது, உடனே மாத்துங்க.

முதல்ல டெஸ்ட். கார்டுல இருக்கறத எல்லாம் காப்பி எடுத்துட்டு விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் அல்லது மேக்ல எஃப்3 ஓட்டுங்க. கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படிச்சு, சரியா இருக்கானு பார்க்கும். மணிக்கணக்கா ஆகும், ராத்திரி போட்டுட்டு தூங்குங்க.

மார்ச் 16

ரிசல்ட் ஸ்க்ரீன்ஷாட் பார்த்தேன். மேல 128 ஜிபினு அச்சடிச்சிருக்கு, 29 ஜிபியோட எல்லாம் முடிஞ்சது, அதுக்கு மேல எழுதினதெல்லாம் குப்பை. போலி கார்டு. உள்ள இருக்கறது 32 ஜிபி சில்லு, கண்ட்ரோலர்ல 128னு பொய் சொல்ல வெச்சிருக்காங்க. கேமரா பாவம், இடம் இருக்குனு நம்பி எழுதிக்கிட்டே போகுது, எழுதினது எங்கயும் சேரல. பைக் உரசின ஃபைல் போனது இங்கதான், கேமரா மேல தப்பில்ல.

எனக்கு இதுல நிஜமாவே கோவம் வருது. போட்டோ போனா வருத்தம், ஆனா ஒரு விபத்துல யார் மேல தப்புங்கறதுக்கு ஒரே சாட்சியா இருக்கப் போற பொருள் இது. கார்டு புதுசா வாங்கினா பாக்கெட் பிரிச்ச அன்னிக்கே டெஸ்ட் ஓட்டுங்க, திருப்பிக் கொடுக்கற கெடு முடியறதுக்குள்ள. டேஷ்கேமோட "இலவசமா" வந்த கார்டா இருந்தா ரெண்டு மடங்கு சந்தேகத்தோட.

புது கார்டை கேமராவுக்குள்ள போட்டே ஃபார்மட் பண்ணுங்க, கம்ப்யூட்டர்ல வேண்டாம். 32 ஜிபி வரைக்கும் ஃபேட்32, 64 ஜிபி தொடங்கி எக்ஸ்ஃபேட்னுதான் வழக்கம், ஆனா சில கேமரா 64க்கும் 128க்கும் ஃபேட்32தான் கேக்கும், அதுக்குப் பிடிச்ச மாதிரி அதுவே பண்ணிக்கட்டும். மாசத்துக்கு ஒருதரம் ஃபார்மட் பண்றது நல்ல பழக்கம், வேண்டிய ஃபைலை எடுத்துட்டு.

மார்ச் 19

இன்னொருத்தர் உள்ள வந்து "என் கார்டு ஒரிஜினல், டெஸ்ட் பாஸ், ஆனா வண்டிய ஆஃப் பண்ற நேரத்து கடைசி ஃபைல் மட்டும் ஓப்பன் ஆக மாட்டேங்குது"னு கேட்டிருக்கார். இது என் கார்லயே பார்த்தது.

சிக்னல்ல நிக்கறேன், பின்னாடி இருந்து ஒரு வேன் இடிச்சுது. இறங்கிப் பார்த்தா அவர் சொல்றார், நீங்கதான் ரிவர்ஸ் வந்தீங்கனு. கூட்டம் கூடிடுச்சு, ரெண்டு பேர் அவர் பக்கம். எனக்கு கேமரா இருக்குங்கற தைரியம். உள்ள வந்து பார்த்தா ஸ்க்ரீன் அணைஞ்சு கிடக்கு. இடிச்ச அதிர்ச்சில லைட்டர் சாக்கெட்ல இருந்த பிளக் துள்ளி வெளிய வந்திருக்கு, கேமராவுக்குள்ள இருந்த சின்ன லித்தியம் பேட்டரி ஏற்கனவே வெயில்ல செத்துப்போய் ஒரு செகண்ட் கூட தாங்கல. வீட்டுக்கு வந்து கார்டைப் போட்டா கடைசி ஃபைல் 140 எம்பி இருக்கு, ஆனா எந்த ப்ளேயரும் திறக்கல.

ஏன்னா எம்பி4 ஃபைல்ல எந்த ஃப்ரேம் எங்க இருக்குங்கற இன்டெக்ஸ் வழக்கமா கடைசியிலதான் எழுதப்படும். அதை எழுதறதுக்குள்ள கரண்ட் போனா உள்ள படம் முழுசா இருந்தும் ப்ளேயருக்கு அட்டவணை இல்லாத புத்தகம் மாதிரி, எங்க ஆரம்பிக்கறதுனே தெரியாது. அன்ட்ரங்க்னு ஒரு இலவச டூல் இருக்கு. அதே கேமரா, அதே செட்டிங்ல எடுத்த நல்ல ஃபைல் ஒண்ணு கொடுத்தா, அதைப் பார்த்து உடைஞ்ச ஃபைலுக்கு இன்டெக்ஸ் கட்டித் தரும். அந்த ஃபைலை தொடாம, கார்டை கேமராவுல திரும்பப் போடாம, காப்பி எடுத்து அந்தக் காப்பி மேல ஓட்டினேன். கடைசி ஒரு செகண்ட் தவிர எல்லாம் வந்துச்சு. என் வண்டி அசையாம நிக்கறதும், சிக்னல் சிவப்பா இருக்கறதும் அப்படியே இருந்துச்சு. அதோட பேச்சு முடிஞ்சுது.

அதனால: விபத்து நடந்தா கார்டைக் கழட்டி பையில வைங்க. கேமரா திரும்ப ஆன் ஆகி லூப்ல அது மேல எழுத விடாதீங்க.

மார்ச் 20

நேத்து எழுதினதோட பின்பாதி. லித்தியம் பேட்டரி வெச்ச டேஷ்கேம் எனக்கு வேண்டாம். மூடி நிறுத்தின கார்ல வெயில் நேரா படற டேஷ்போர்டு 70 டிகிரிய தொடும், லித்தியத்தை சார்ஜ் பண்ண 45 டிகிரிக்கு மேல போகக் கூடாதுங்கறது பொதுவான வரம்பு. உப்பும், கேமரா பாடியே பிளந்துக்கும். சூப்பர் கெபாசிட்டர் வெச்சது நல்லது. அது கரண்ட் போனதும் சில செகண்ட்தான் தாங்கும், ஃபைலை மூடி முடிக்க அந்த சில செகண்ட் போதும். "பேட்டரி இல்லாம எப்படி, பிளக் எடுத்தா உடனே அணையுதே"னு கேக்கறவங்களுக்கு, அது அப்படித்தான் இருக்கணும்.

லூப் நேரத்தை, அதாவது ஒரு ஃபைலோட நீளத்தை, 1 நிமிஷம் வைங்க, 5 வேண்டாம். கெட்டுப் போனா ஒரு நிமிஷம்தான் போகும். ஒரு ஃபைல் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு செகண்ட் விழுங்கற கேமரான்னா மட்டும் 3 வெச்சுக்கலாம். ரெண்டு ஃபைலை வரிசையா ஓட்டி நேர முத்திரையைப் பார்த்தா தெரிஞ்சிடும். எம்பி4க்குப் பதிலா டிஎஸ் ஃபார்மட்ல எழுதற ஆப்ஷன் இருந்தா யோசிக்காம அதை எடுங்க, அதுக்கு கடைசில எழுதற இன்டெக்ஸே தேவையில்ல, வெட்டுப்பட்ட இடம் வரைக்கும் ஓடும்.

மார்ச் 21

பவர். ஓடும்போதே கேமரா ஆஃப் ஆகி ஆன் ஆகுதுன்னா முதல்ல கேபிள், அப்புறம் சார்ஜர், கடைசிலதான் கேமரா. காரோட யுஎஸ்பி போர்ட்ல குத்தாதீங்க. பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், முன்னாடி பின்னாடி ரெண்டு கேமரா ஓடினா அது பத்தாது. சில கேமரா அதுல குத்தினதும் தன்னை பென்டிரைவ்னு நினைச்சுக்கிட்டு ரெக்கார்டே பண்ணாம உக்காந்திருக்கும். நீளமான ஒல்லி கேபிள்ல வோல்டேஜ் வழியிலேயே கரையும், வெளிய எடுக்கும்போது 5 வோல்ட், கேமரா கிட்ட 4.6. ரெண்டு போர்ட் சார்ஜர்ல போனை ஃபாஸ்ட் சார்ஜ் போடற நொடியில கேமரா ரீஸ்டார்ட் ஆனா சார்ஜர்தான். டப்பாவோட வந்த சார்ஜரும் கேபிளும் போட்டு பாருங்க, பாதி பேருக்கு அதோட முடிஞ்சிடும்.

இன்ஜின் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் அணைஞ்சு வந்தா கவலை வேண்டாம், செல்ஃப் சுத்தும்போது வோல்டேஜ் இறங்கறதுதான்.

மார்ச் 23

கண்ணாடியைப் பத்தி எழுதாமலே போயிட்டோம். வெளிப்பக்கம் எல்லாரும் துடைக்கறாங்க, உள்பக்கம் யாரும் துடைக்கறதில்ல. டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூட்டுல ஆவி விடும், அது கண்ணாடி உள்பக்கம் மெல்லிய படலமா படியும். பகல்ல நமக்குத் தெரியாது, எதிர் ஹெட்லைட் பட்டதும் படம் முழுக்க பனி மாதிரி பரவும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம், மைக்ரோஃபைபர் துணி. லென்ஸையும் அதே துணியோட சுத்தமான பக்கத்தால, அழுத்தாம.

கேமரா வைப்பர் துடைக்கற இடத்துக்குள்ள இருக்கணும், மேல கருப்புப் புள்ளி புள்ளியா இருக்கற பகுதியில லென்ஸ் மாட்டக் கூடாது. உறிஞ்சி பிடிக்கற கப், நீள கை இதெல்லாம் அதிரும், கட்டடம் எல்லாம் ஜெல்லி மாதிரி ஆடும். ஒட்டற மவுண்டுதான் சரி. ஒட்டி ஒரு நாள் விட்டுட்டு கேமராவை மாட்டுங்க, பசை பிடிக்கணும்.

இதெல்லாம் பண்ணியும் படம் மங்கல்னா வெயில்ல வண்டிய நிறுத்தி எதிர்ல எழுத்து உள்ள ஏதாவது போர்டைப் படமெடுங்க. நடுவுல தெளிவு, ஒரு ஓரம் மட்டும் மங்கல்னா லென்ஸ் சாய்ஞ்சிருக்கு. காலைல தெளிவு, மத்தியானம் சூட்டுல மங்கல்னா லென்ஸ் பசை நகருது. ரெண்டுக்கும் வாரன்டிதான், நம்மளால ஆகாது.

மார்ச் 24

"சிபிஎல் ஃபில்டர் (லென்ஸ் மேல மாட்டற போலரைசிங் கண்ணாடி) போடலாமா?" டேஷ்போர்டோட நிழல் கண்ணாடில விழுந்து வானம் மேல மிதக்கற மாதிரி தெரியும் பாருங்க, அதை வெட்டறதுக்குத்தான் அது. பகல்ல ரொம்ப நல்லா வேலை செய்யும். ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டே திருகிட்டு நிழல் மறையற இடத்துல நிறுத்தணும். முன்னெல்லாம் எல்லாருக்கும் போடச் சொல்வேன், இப்போ அப்படி சொல்றதில்ல. ஃபில்டர் பாதி வெளிச்சத்துக்கு மேல தின்னுடும், அப்போ ராத்திரி ஷட்டர் இன்னும் மெதுவாகும், 11ஆம் தேதி போட்ட கணக்கு இன்னும் மோசமாகும். ராத்திரி ஓட்டறவங்க முதல்ல டேஷ்போர்டு மேல மங்கல் கருப்புத் துணி விரிங்க, நிழல் பிறக்கற இடத்துலயே நிக்கும். பயணி பக்கம் ஏர்பேக் மூடி மேல மட்டும் துணி படக் கூடாது.

மார்ச் 30

பாதை மாறி ஒரு நல்ல கேள்வி: "சிக்னல் லைட் வீடியோல அணைஞ்சு அணைஞ்சு எரியுது, நேர்ல எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு." கேமரா பழுதில்ல. பல எல்இடி சிக்னல் மெயின்ஸ் கரண்ட்ல ஓடும், 50 ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 100 தடவ, 60 ஹெர்ட்ஸ்னா 120 தடவ மின்னும், கண்ணுக்குத் தெரியாது. பகல்ல ஷட்டர் ரொம்பச் சின்னது, அது அணைஞ்ச நொடியில திறந்தா லைட்டே இல்லாத மாதிரி விழும். 120ஐ 30 ஃப்ரேம் மீதியில்லாம வகுக்கும், அதனால 60 ஹெர்ட்ஸ் ஊர்ல தொடர்ந்து பல செகண்ட் சிக்னலே எரியாத மாதிரி வீடியோ வரலாம், சிவப்பா பச்சையாங்கறதே தகராறாகும்போது இது விளையாட்டில்ல. 50 ஹெர்ட்ஸ்ல 25 ஃப்ரேம் வெச்சாலும் அதே கதை. ஜப்பான்ல பாதி நாடு 50, பாதி 60, அங்க விக்கற கேமரா பலதுல 27.5 ஃப்ரேம்னு ஒரு விசித்திர எண் இருக்கும், எதோடயும் ஒத்துப்போய் மாட்டிக்கக் கூடாதுனுதான். நீங்க 50 ஹெர்ட்ஸ் இடத்துல 30 ஃப்ரேம் வெச்சா மின்னும், ஆனா முழுசா மறையாது. மின்னறதே பரவால்ல.

ஏப்ரல் 6

பார்க்கிங் மோட், அதாவது வண்டி நிக்கும்போதும் கேமரா காவல் காக்கற செட்டிங், போட்டு காலைல வண்டி ஸ்டார்ட் ஆகலனு ஒருத்தர். 0.3 ஆம்பியர் இழுத்தா ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் அவர். 45 ஆம்பியர் அவர் பேட்டரிய பாதிக்குக் கீழ இறக்கக் கூடாது, அப்போ மூணு நாள்தான் கணக்கு, பேட்டரி பழசுன்னா அதுவும் இல்ல. ஹார்ட்வயர் கிட்ல (ஃபியூஸ் பாக்ஸ்லருந்து கேமராவுக்கு கரண்ட் எடுக்கற ஒயர் செட்) கட்-ஆஃப் வோல்டேஜ், அதாவது பேட்டரி எவ்வளவு இறங்கினா கேமராவை அணைக்கணும்னு, செலக்ட் பண்ணலாம். 11.6 வேண்டாம், அதுக்குள்ள பேட்டரி காலி. ஓய்வுல 12.6 முழுசு, 12.2 சுமார் பாதி. 12.2 வைங்க, கிட்ல அது இல்லன்னா மட்டும் 12.0.

பெரும்பாலான கிட்ல மஞ்சள் எப்பவும் கரண்ட் இருக்கற லைன், சிவப்பு சாவி போட்டா வர்றது, கருப்பு பாடி. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினா கேமராவுக்கு வண்டி நிக்குதா ஓடுதான்னே தெரியாது, பார்க்கிங் மோடே வராது.

ஏப்ரல் 6, இரவு

மேல உள்ளதைப் படிச்சுட்டு யாராவது நாளைக்கே கழட்ட ஆரம்பிப்பாங்க, அதனால இது. கண்ணாடி ஓரத் தூண்ல கேபிள் விடும்போது உள்ள கர்ட்டன் ஏர்பேக் இருக்கலாம். கேபிள் அதுக்குப் பின்னாடி போகணும், முன்னாடி குறுக்க போனா ஏர்பேக் விரியும்போது கேபிளும் உங்க மேல வரும். ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இருக்கற இடத்துல சொருகி கரண்ட் எடுக்கற ஒயர்) போடும்போது ஏர்பேக், பிரேக் சம்பந்தப்பட்ட ஃபியூஸ்ல கை வைக்காதீங்க. தெரியலன்னா ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட கொடுங்க, இதுல தயக்கமே வேண்டாம்.

ஏப்ரல் 19

"கார்டு ஃபுல்" வந்தா கார்டு சின்னதுனு அர்த்தமில்ல. ஜி-சென்சார் (அதிர்ச்சியை உணர்ந்து ஃபைலை லாக் பண்றது) ஹைல இருந்தா ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் விபத்து, ஒவ்வொரு ஃபைலும் லாக். லாக் ஆனது லூப்ல அழியாது. லோ வைங்க. தேதி நேரம் அடிக்கடி பழசுக்குப் போனா உள்ள இருக்கற சின்ன பேட்டரி போயிடுச்சு, ஜிபிஎஸ் இருந்தா அது சரி பண்ணிக்கும், டைம் ஜோன் மட்டும் சரியானு பாருங்க. நேரம் தப்பா இருக்கற வீடியோவ எதிர்த்தரப்பு முதல்ல அடிக்கறது அங்கதான்.

மே 17

முதல்ல கேள்வி கேட்டவர் புது கார்டு, 1440பி, ஹை குவாலிட்டி, ஈவி மைனஸ் 0.3ல எடுத்த கிளிப் அனுப்பியிருக்கார். பகல் அருமை. ராத்திரி முன்னாடி போற வண்டி நம்பர் படிக்க முடியுது, எதிர்ல வர்றது முடியல, அது முடியாது. ஃபைல் பேர் எல்லாம் வரிசையா இருக்கு, ஒண்ணும் விடுபடல.

பின் கேமராவுல மட்டும் கோடு கோடா வருதுனு கேட்டிருக்கீங்க. டிக்கி மூடில கேபிள் மடங்கற இடத்தைப் பாருங்க, திறந்து மூடித் திறந்து மூடி அங்கதான் உள்கம்பி அறும். டிக்கியைத் திறந்து வெச்சு அந்த இடத்தை மெல்ல அசைக்கும்போது கோடு வந்து வந்து போனா கேபிளை மட்டும் மாத்தினா போதும்.